புகை விடாத டிராக்டர்

புகையே வரவில்லை. நச்சத்தர் சிங்குக்கு அதுதான் தலைவலி. கல்யாணமான வருஷத்தில் வாங்கிய நீல டிராக்டர், சாவியைத் திருகியதும் தாலாட்டுப் பாடுகிற மாதிரி சீராக ஓடியது.

“ஒரு இருமலாவது இருமேன், சனியனே!” என்று அதைக் கெஞ்சினார்.

கனடாவில் மனைவி, மகளோடு இருக்கும் மகன் ஜக்ரூப் காலையில்தான் போன் செய்திருந்தான். “மோகாவிலேருந்து ஒருத்தர் வருவாருப்பா. டிராக்டரை ஓட்டிக் காட்டுங்க. எதுக்குன்னு அப்புறம் நானே சொல்றேன்.”

சொல்ல வேண்டுமா என்ன? போன தடவை வந்தபோதே, ‘இந்தப் பழைய இரும்பை வித்துத் தொலைங்க’ என்றவன்தானே.

“எல்லாம் உங்களால வந்தது, ஜக்ரூப் அப்பா,” என்றாள் தலீப் கௌர். குளிர் தொடங்குவதற்குள் டிரங்குப் பெட்டியைக் காலிசெய்து, பஞ்சு வைத்த ரஜாய், கம்பளி என்று எல்லாவற்றையும் முற்றத்துக் கட்டிலில் வெயிலுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். “அறுப்புக் காலத்துல தினம் சாயங்காலம் ஏர் பில்டரைத் திறந்து பார்ப்பீங்க. தூசி பிடிக்கற கிண்ணத்து எண்ணெயில கொஞ்சம் சேறு சேர்ந்தா உங்களுக்கு ரொட்டி இறங்காது. என் மூஞ்சியை என்னிக்காவது இப்படிப் பார்த்திருக்கீங்களா?”

“உன் மூஞ்சியில சேறு சேரட்டும், பார்க்கறேன்.”

“பேச்சைப் பாரு!”

“சும்மா இல்லடி. உன்னை மட்கார்டுல உக்காத்தி வெச்சு கூட்டிட்டு வந்தேனே, அன்னிக்கு என்ன ஆச்சு? பில்டர் அடைச்சு, கடுகு வயலுக்கு நடுவுல மூச்சு முட்டி நின்னுது. ஊரே சிரிச்சுது. அன்னிலேருந்து ஒரு தடவை தவறவிட்டதில்லை.”

“கீழ படுத்துக் கிண்ணத்தைக் கழட்டினீங்க. கையெல்லாம் கரி. முக்காட்டுக்குள்ளேருந்து பார்த்துட்டே இருக்கேன், ஏதோ அன்பா சொல்லப் போறாருன்னு. என்ன கேட்டீங்க?”

“‘துணி இருக்கா?’ன்னு கேட்டேன்.”

“கட்டின பொண்டாட்டிகிட்ட பேசற முதல் பேச்சா அது!”

“நீ மட்டும்? போர்த்தியிருந்த புல்காரிச் சால்வையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, ‘தரமாட்டேன்’னியே!”

“எங்கம்மா ராப்பகலா பூப்போட்டுத் தெச்சது. கரி துடைக்கவா குடுப்பாங்க?”

இருவரும் சிரித்தார்கள். பிறகு இரண்டு பேரும் டிராக்டரைப் பார்த்தார்கள்.

“விக்க விடாதீங்க,” என்றாள் அவள்.

நச்சத்தர் சிங் டிராக்டரை அணைத்துவிட்டு, எருமைக் கொட்டிலுக்குப் போய் ஒரு பிடி வைக்கோல் எடுத்து வந்தார். பானட் மேலே நீட்டிக்கொண்டிருந்த, காற்றிழுக்கும் மூச்சுக் குழாயில் திணித்தார். “மன்னிச்சுக்கடா,” என்று பானட்டைத் தட்டிக் கொடுத்துவிட்டு, கைகழுவப் போனார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் தலீப் கௌர் இந்தப் பக்கம் வந்தாள். இவருக்கு இதைக் கெடுக்க மனசு வராது என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவளுக்கு பில்டர் கிண்ணத்தின் கொக்கியைக் கழற்றவா தெரியாது? கோட்டளவுக்கு இருந்த எண்ணெயை விளிம்புவரை நிரப்பி, பழையபடி மாட்டிவிட்டாள்.

வந்த ஆளின் பெயர் ஹர்மேல். கையில் இஞ்சு டேப். டிராக்டரைச் சுற்றி வந்தவன், முதல் வேலையாக மட்கார்டை அளந்தான்.

“இதுல ஒருத்தர் வசதியா உக்காரலாமா, பாபுஜி?”

“ஆணி குத்தும்.”

“நடக்கற வேகத்துல மெதுவா போகுமா?”

“போகும். நீ பின்னாலேருந்து தள்ளினா.”

“பில்டரைக் கடைசியா எப்ப சுத்தம் பண்ணீங்க?”

நேற்று சாயங்காலம் டீசலில் சல்லடையை அலசியவர் நச்சத்தர் சிங். “பில்டரா? அப்படி ஒண்ணு இருக்கா என்ன?”

“எருமை குளிப்பாட்டும்போது அதையும் குளத்துல ஒரு முக்கு முக்குவோம், பையா,” என்று தலீப் கௌர் எடுத்துக் கொடுத்தாள். ஆனாலும் வந்தவனைச் சும்மா விட முடியுமா? வெல்லம் போட்ட டீயும், நெய் மிதக்கும் கீரையும், சோள ரொட்டியும் அவன் முன்னால் வந்து உட்கார்ந்தன.

“புகை வருமா பீஜி? பக்கத்துல இருக்கறவங்க உடுப்புல கரி படியுமா?”

“உடுப்பை விடு, உள்நாக்குலயே படியும்.”

ஹர்மேலின் முகம் தொங்கிவிட்டது. “ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்களேன்.”

சாவியைத் திருகினார். குபுகுபுவென்று கறுப்புப் புகை. நச்சத்தர் சிங் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் புகை வெள்ளையாயிற்று. டிராக்டர் உறுமியது, பிறகு அலறியது. ஸ்டாப் குமிழை இழுத்தார். நிற்கவில்லை. கோழிகள் கூரை ஏறின.

“என்னடி பண்ணித் தொலைச்சே?”

“கிண்ணம் நிறைய எண்ணெய் விட்டேன்!”

“ஐயோ! நான் வைக்கோல் வேற அடைச்சு வெச்சிருக்கேனே! மூச்சுக்குப் பதிலா எண்ணெயை இழுக்குதடி!”

“சொல்லிட்டுச் செய்யறதுதானே!”

“நீ சொன்னியா? துணி! துணி குடு! வாயை அடைச்சாத்தான் நிக்கும்!”

அவள் கட்டிலிலிருந்து கைக்கு அகப்பட்டதை உருவி வீசினாள். மூச்சுக் குழாயை அதால் சுற்றி, இரண்டு கையாலும் பொத்தி, மேலே படுத்தே விட்டார் நச்சத்தர் சிங். டிராக்டர் இரண்டு தரம் விக்கி, ஒரு குலுங்கு குலுங்கி, அடங்கியது.

கையில் இருந்ததைப் பிரித்துப் பார்த்தார். சிவப்புப் புல்காரி. மஞ்சள் பூக்களெல்லாம் கறுப்பாகியிருந்தன.

“இதையா குடுத்தே?”

“அன்னிக்குக் கேட்டீங்க, தரலை,” என்றாள் தலீப் கௌர், மூச்சு வாங்கிக்கொண்டே. “போகட்டும். வண்டி நம்மகிட்டயே இருக்கும்ல?”

நச்சத்தர் சிங் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு கம்பீரமாகத் திரும்பினார். “பார்த்தேல்ல? இதை எவனும் வாங்க மாட்டான்னு என் பையன்கிட்ட போய்ச் சொல்லு!”

கண்ணில் விழுந்த கரியைத் துடைத்தபடி ஹர்மேல் திருதிருவென்று விழித்தான்.

“வாங்கறதா? நான் கல்யாண வண்டி அலங்காரம் பண்றவன், பாபுஜி... பாட்டியோட புல்காரியைப் போர்த்திக்கிட்டு, பாட்டி வந்த மட்கார்டுல உக்காந்துதான் புகுந்த வீட்டுக்குப் போவேன்னு உங்க பேத்தி ஒத்தக்கால்ல நிக்குதாம். அதுக்குத்தான் அளவெடுக்க வந்தேன்.”