நாலு கோரும் ஒரு மொட்டையும்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. தில்லியில் ஒரு சின்ன கம்பெனியில் கெர்னல் (கம்ப்யூட்டரின் அடித்தள மென்பொருள்) எழுதப் போன ஆறாவது மாதம் இது எனக்கே முழுசாகத் தெரிந்தது. வேலை நிரந்தரமாவது ஒரு டெமோவை நம்பி இருந்தது. நிரந்தரமானால்தான் நிச்சயதார்த்தம் என்று அங்கேயே துவாரகா பகுதியில் இருந்த வித்யாவின் அப்பா சொல்லியிருந்தார். (சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதுதான் கூடுதல் பயம்.)

எங்கள் சரக்கு, ஆபீஸ்களில் மாட்டும் டோக்கன் பலகை. 'டோக்கன் 14, கவுன்ட்டர் 3' என்று பல மொழிகளில் காட்டும். ஒரு புரோகிராமின் தகவல் மெமரியில் எங்கே இருக்கிறது என்பதற்குக் கெர்னல் ஒரு பெரிய அட்டவணை வைத்திருக்கும். அடிக்கடி அதைப் புரட்ட நேரமாகும் என்பதால், பிராசஸருக்குள் இருக்கும் நாலு மூளைகளில், அதாவது கோர்களில், ஒவ்வொன்றும் சமீபத்தில் பார்த்த விலாசங்களைத் தனக்கென்று ஒரு துண்டுச்சீட்டில் குறித்துக்கொள்ளும். தகவலை இடம் மாற்றினால், நாலு கோர்களின் சீட்டிலும் பழைய விலாசத்தை அழிக்க வேண்டும்.

நான் அழித்தது ஒரே ஒரு கோரின் சீட்டில். பிழை தேட வசதியாக என் மேஜைமேல் இருந்த சோதனைக் கம்ப்யூட்டரில் மற்ற மூன்றையும் அணைத்து வைத்திருந்ததால், ஆறு மாதமும் எல்லாம் அமோகமாக ஓடியது.

டெமோ நாள் காலையில் மேலதிகாரி மெஹ்ரா சார் வந்தார். தமிழ் ஃபான்ட் சரியாக வருகிறதா என்று ஏதாவது தட்டிப் பார்க்கும்படி, "ஜல்தி, ஜல்தி" என்று விரட்டினார். பயத்தில் விரல் தானாகத் தட்டியது: 'மலை மந்திர் முருகா, டெமோ பாஸானால் மொட்டை போடுகிறேன். மெஹ்ராவைக் கொஞ்சம் அடக்கி வை.' எழுத்து முத்து முத்தாக வந்தது. அந்த ஃபைலை மூட மறந்துவிட்டேன்.

"நாலு கோரும் ஓடட்டும்" என்று மெஹ்ரா சார் மூன்றையும் தட்டி எழுப்பினார்.

பலகை வாங்க வந்த அதிகாரி கம்பீரமானவர். கணீரென்று இந்தி பேசினார். டோக்கன் ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை ஒழுங்காக வந்தது. பதினாலில் கெர்னல் பலகையின் வாசகத்தை வேறிடத்துக்கு மாற்றி, காலியான இடத்தை என் ஃபைலுக்குக் கொடுத்தது. விஷயம் தெரியாத ஒரு கோர் பழைய இடத்தையே எட்டிப் பார்த்தது. ஒரு அடி உயரச் சிவப்பு எழுத்தில் என் வேண்டுதல் பலகையில் எரிந்தது. அன்றைக்குக் குறையில்லாமல் வேலை செய்தது தமிழ் ஃபான்ட் மட்டும்தான்.

"யே க்யா லிக்கா ஹை?" என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார் தமிழ் தெரியாத மெஹ்ரா சார்.

"டெஸ்ட் மெஸேஜ் சார்" என்றேன்.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். நிறுத்தி நிதானமாக, அழகான தமிழில், முழுவதையும் வாசித்தார். (தமிழர்கள் நிறைந்த ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருபது வருஷமாம்!) வேலை போயிற்று, வித்யாவும் போனாள் என்று முடிவு கட்டினேன்.

"மொட்டை எப்ப தம்பி?"

"பாஸானாத்தான் சார்."

"இன்னும் பாஸாகலையே. நாலு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். சரி பண்ணுங்க." மெஹ்ரா சாரிடம், "ஏதோ பிரார்த்தனை" என்று மட்டும் இந்தியில் சொன்னார். அவர் காலிலேயே விழுந்திருப்பேன்.

மூன்று கோரை அணைத்தேன், முருகன் மறைந்தார். எழுப்பினேன், மீண்டும் காட்சி கொடுத்தார். அப்போதுதான் உறைத்தது. இடம் மாறியதை நான் ஒருவனுக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன்! எல்லாக் கோருக்கும் தகவல் அனுப்பி, ஒவ்வொன்றும் 'அழித்தாயிற்று' என்று பதில் சொல்லும்வரை காத்திருக்கும்படி திருத்தினேன். நாலு மணிக்கு டோக்கன் இருநூறைத் தாண்டியும் முருகன் வரவில்லை. வேலை நிரந்தரம்.

மறுநாள் காலை சலூனில் தலையைக் கொடுத்தேன். மலை மந்திர் முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, வேலைக் கடிதத்தோடு நேராகத் துவாரகா போனேன். வித்யாவின் அப்பா கதவைத் திறந்தார். என் தலையைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ மாப்பிள்ளை! அப்பா எப்பப் போனாரு?"

நான் வாய் திறப்பதற்குள் வித்யாவின் அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்து ஒப்பாரியே வைத்துவிட்டார். அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது, எனக்குத்தான் இன்னும் யாரும் சொல்லவில்லை என்று நினைத்து நானும் கேவ ஆரம்பித்தேன். வித்யாதான் நிதானமாகக் கிட்வாய் நகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஹலோ, யாரு?" என்றார் என் அப்பா.

"மாமா, நீங்க இருக்கீங்களா?"

"இருக்கேனே! ஏம்மா?"

மொட்டை போட்டதையும் நான் எனக்கு மட்டுமே சொல்லியிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

நிச்சயதார்த்தம் மொட்டைத் தலையோடு நடந்தது. பால்காரரை நாளைக்கு வரவேண்டாம் என்று நான் சொன்னால்கூட வித்யா, "அச்சா, எல்லாக் கோருக்கும் சொல்லியாச்சா?" என்கிறாள். என் அப்பாவோ, நான் முடிவெட்டப் போகிறேன் என்று காதில் விழுந்தால் போதும், உடனே துவாரகாவுக்குப் போன் போடுகிறார்:

"சம்பந்தி, நான் நல்லாத்தான் இருக்கேன். பையன் சலூனுக்குப் போறான், அவ்வளவுதான்."