குளுக்கோஸ் டின்னில் பாதி

அரைகுறையாகத் தெரிந்தவனால் சும்மா இருக்க முடியாது. இதை அனுபவித்துச் சொல்கிறேன்.

ஜப்பான்காரன் வருவதற்கு முன் மலாக்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் சோதனைக்குழாய் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவியபடியே பாடத்தையும் காதில் வாங்குவேன். உடம்பின் உயிரணுக்கள் குளுக்கோஸை உடைத்துத்தான் சக்தி எடுக்கின்றன, ஈஸ்ட்டும் அப்படித்தான் என்றார் ஆசிரியர். மிச்சத்தைச் சொல்வதற்குள் சண்டை வந்து பள்ளியை மூடிவிட்டார்கள். என் விஞ்ஞானமும் அங்கேயே நின்றது.

அடுத்த வருஷம் என் மனைவி செல்லம்மாவுக்கு நிறைமாதம். காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டில் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். "வலி எடுத்தா இந்தப் பொண்ணுக்குத் தெம்பு பத்தாது" என்று மருத்துவச்சி சொல்லிவிட்டார். மாமியார் தன் கல்யாணப் பட்டுச் சேலையை உஜோங் பாசிர் பக்கம் ஒரு வியாபாரியிடம் கொடுத்து, ஒரு டின் குளுக்கோஸ் மாற்றி வந்தார். மறுநாள் நான் திறந்தபோது பாதி டின்தான் இருந்தது. விற்றவன் ஏமாற்றிவிட்டான், காலம் கெட்டுக் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பாவம், வலியோடு வலியாக அவள் குளுக்கோஸை வேறு உடைக்க வேண்டுமா? ஈஸ்ட்டை விட்டு முன்கூட்டியே உடைத்து வைத்தால் சக்தி தயாராக இருக்குமே. (இப்படி யோசிக்கத் தனி மூளை வேண்டும்.) கிழங்கைப் புளிக்கவைத்துத் தாப்பாய் செய்யும் பக்கத்து வீட்டு மலாய் அக்காவிடம் ஈஸ்ட் வில்லை வாங்கினேன். டின்னில் இருந்த குளுக்கோஸ் முழுவதையும் அதோடு கரைத்து, பாட்டிலில் ஊற்றி, இறுக அடைத்தேன்.

நாலாம் நாள் மத்தியானம் வலி கண்டது.

"மாப்பிள்ளை, குளுக்கோஸ்" என்றார் மாமியார்.

பெருமையாகப் பாட்டிலைத் திறந்தேன். தக்கை கூரையில் போய் முட்டியது. வீடெல்லாம் கள்ளு வாடை. காற்றில்லாத பாட்டிலுக்குள் ஈஸ்ட் குளுக்கோஸை உடைத்து, கிடைத்த சக்தியைத் தானே தின்றுவிட்டு, சாராயத்தையும் வாயுவையும் எங்களுக்கு விட்டுவைத்திருந்தது. நான் கேட்காமல் போன மிச்சப் பாடம் அதுதான்.

"என் பட்டுச் சேலையக் கள்ளாக்கிட்டீங்களே, மாப்பிள்ளை" என்று மாமியார் அழுதேவிட்டார். செல்லம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

இரண்டு வலிகளுக்கு நடுவே உள்ளேயிருந்து செல்லம்மாவின் குரல் வந்தது.

"அம்மா, காலி அரிசிப் பானைக்குள்ள பாரு. பாதிய எடுத்து வச்சிருக்கேன். இவரு கையில முழு டின்னையும் விடுவேனா?"

அன்று பிறந்த மகளுக்குக் கல்யாணம் வந்தது. பத்திரிகைக் கட்டை வாங்கி வந்து வைத்து, மறுநாள் எண்ணினேன், பாதிதான் இருந்தது. அச்சகத்தில் ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்தினேன். மகள் நிதானமாகச் சொன்னாள்.

"மீதி அரிசிப் பானையில இருக்கு, அப்பா."