டைனமோப் போர்ப் படலம்

வாழ்க வாலண்டைன்! செந்தூல் ரயில்வே பட்டறையின் செம்மல், துருப்பிடித்த திருகாணிகளின் திகில், ஆறு நாள் கரியில் முங்கி ஏழாம் நாள் தேங்காயெண்ணெயில் வகிடெடுக்கும் வடிவழகன், ஊரார் எக்கேடு கெட்டாலும் தன் மகள் மகதலேனாவின் கண்ணில் மட்டும் பெரிய மனிதனாய் நிற்க ஏங்கிய ஏந்தல், வாழ்க வாழ்க! வரிசைகளைக் காக்கும் தெய்வம் ஒன்று இருக்குமாயின், அது எந்த மதத்துத் தெய்வமானாலும் சரி, இக்கதை முடியும்மட்டும் என் நாவில் வந்து அமர்க. இடம் கிடைக்கும்வரை நின்று பழகிய தெய்வம்தானே, கோபித்துக்கொள்ளாது.

போருக்கு மூலம் ஒரு வாய். அவ்வாய்க்கு உரியவன் மாரிஸ்; வாலண்டைனின் இல்லாள் உர்சுலாவுக்கு உடன்பிறந்த அண்ணன்; கிள்ளான் துறைமுகக் கிடங்கில் மூட்டைகளையும் மனிதரையும் ஒரே குரலில் அதட்டுபவன். சென்ற கிறிஸ்துமஸ் அன்று, "எங்கப்பாதான் ரயிலுக்கு லைட்டு போடுறாரு" என்று ஏழு வயது மகதலேனா பெருமை பேச, "போம்மா, உங்கப்பா சக்கரத்துக்கு எண்ணெய் விடுற ஆளு லா" என்றது அந்தப் பொல்லாத வாய். அப்போது குழந்தை தகப்பனை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தாளே, அடடா, அந்தப் பார்வை அவன் நெஞ்சில் தைத்து எட்டு மாதமாக ஆறவில்லை. சோறு இறங்கவில்லை. சோறு யாருக்குமே இறங்கவில்லை, அரிசி கடையில் இருந்தால்தானே!

இங்ஙனம் வெந்து கிடந்தவன் காதில் தேனாய்ப் பாய்ந்தது ஒரு செய்தி. நாற்பத்து மூன்றாம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பிரிக்ஃபீல்ட்ஸ் பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில், நாட்டைப் பிடித்து ஆளும் ஜப்பானியர் விஞ்ஞானப் பொருட்காட்சி திறந்திருக்கின்றனர்; அதன் நட்டநடுவே, பிடியைக் கையால் சுற்றினால் பல்பு எரியும் டைனமோ ஒன்று வீற்றிருக்கிறது; குடும்பத்துக்கு ஒருவர் ஒரே ஒரு தடவை அதைச் சுற்றலாம்; ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டுக்குக் கதவு சாத்தப்படும். கேட்ட மாத்திரத்தில் வீறுகொண்டெழுந்த வாலண்டைன், மரவள்ளிக் கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் ஓங்கி வைத்துச் சூளுரைத்தான்: "அந்தப் பிடியை நான் சுற்றுவேன்! பல்பு எரியும்! என் மகள் காண்பாள்! மாரிஸ் வாய் மூடும்!" உர்சுலா கிண்ணம் உடைந்ததா என்று மட்டும் பார்த்தாள்.

ஆனால் விதி அவன் சட்டைப் பையிலேயே டிக் டிக் என்று ஒலித்துக்கொண்டிருந்தது. ஜப்பானியர் வந்ததும் நாட்டின் கடிகாரங்களையெல்லாம் டோக்கியோ நேரப்படி ஒன்றரை மணி முன்னே தள்ளிவிட்டனர். பட்டறையில் அதற்குக் கட்டுப்பட்ட நம் மாவீரன், ஞாயிறன்று மட்டும் தன் சட்டைப்பைக் கடிகாரத்தை யாரும் அறியாமல் பழைய நேரத்துக்குத் திருப்பி வைப்பான். வல்லரசை எதிர்த்து அவன் நடத்திய ஒரே கலகம் அது. அந்தக் கலகக் கடிகாரம் "பத்தேகால்தான்" என்று உறுதி கூற, மனைவி மகள் சூழ ஆற அமர நடந்து மண்டப வாயிலை மிதித்தால், சுவர்க் கடிகாரம் பதினொன்றே முக்கால் காட்டிப் பல்லிளித்தது.

அங்கே வரிசையின் கடைசியில், தங்கை குடும்பத்தின் பேரில் ஒன்பது மணி முதல் இடம்பிடித்து, அவர்கள் வரும்வரை பின்னால் வந்தோரையெல்லாம் முன்னே விட்டு, கால் கடுக்க நின்றிருந்தான் மாரிஸ். டோக்கியோ நேரத்தில் ஓடும் கிள்ளான் ரயிலில் வந்தவன் வேறெப்படி வருவான்! "மூணு மணி நேரம் நின்னவன் நான். நான்தான் சுத்துவேன் மச்சான்!" என்று அவன் முழங்க, "அது என் பொண்ணுக்காக வச்சிருக்கிற சுத்து மச்சான்!" என்று இவன் கர்ஜிக்க, முறை வந்ததும் இருவர் கையும் ஏககாலத்தில் அந்தப் பிடியின்மேல் பாய்ந்தன. ஒருவன் வலப்புறம் தள்ள, மற்றவன் இடப்புறம் இழுக்க, நெற்றி நரம்பு புடைக்க, வேர்வை ஆறாய்ப் பெருக, கண்காட்சிச் சிப்பந்தி நூர் முகம்மது "ஒரு ஆளுதாண்ணே, ஒரே ஒரு ஆளு!" என்று கதற, பிடி இம்மியும் அசையவில்லை. பல்பு இருண்டே கிடந்தது.

அவ்வேளை, டக் டக்கென்று பூட்ஸ் ஒலி. ஜப்பானிய அதிகாரி ஒருவர் உள்ளே வந்தார். குனியாதவன் கன்னம் பழுக்கும் காலம் அது. மண்டபமே இடுப்பை மடித்தது. பிடியை விட்டுவிட்டு மச்சான்மார் இருவரும் குனிந்தனர். அதிகாரி தலையசைத்தார், காட்சிக்கு வைத்திருந்த இஞ்சின் பொம்மையை ஒரு பார்வை பார்த்தார், பக்கவாசல் வழியே போயே போய்விட்டார். எல்லாரும் நிமிர்ந்தனர். அவ்விருவர் மட்டும் நிமிரவில்லை. சீக்கிரம் நிமிர்ந்ததற்காகப் போன மாதம் கிள்ளானில் அறை வாங்கியவன் மாரிஸ். அவன் நிமிராமல் தான் நிமிர்வது தோல்வி என்று கருதியவன் வாலண்டைன். ஒருவன் செருப்பை மற்றவன் ஆராய்ந்தபடி, யார் முதுகு முதலில் நிமிர்கிறதென்று போட்டியிட்டு நின்றனர்.

சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கத் தொடங்கியது.

"அக்கா, மணி அடிக்குது லா. யாராச்சும் சுத்துங்க, இல்லாட்டி பூட்டிருவேன்" என்றான் நூர் முகம்மது.

உர்சுலா இரண்டு முதுகுகளையும் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். அரிசி மறைந்த நாள்முதல் காய்ந்த மரவள்ளியைத் தினந்தோறும் திரிகையில் போட்டுச் சுற்றிச் சுற்றி உரமேறிய கை அது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மாவு அரைக்கிறாற்போலவே, அலட்டிக்கொள்ளாமல் சுற்றினாள். பல்பு பளீரென்று எரிந்தது!

"அம்மா லைட்டு போட்டுட்டாங்க!" என்ற மழலை முழக்கம் கேட்டு நாயகர் இருவரும் துள்ளி நிமிர்ந்தபோது, பல்பின் கம்பி சிவந்து, மங்கி, அணைந்தது. "உங்க குடும்பத்துச் சுத்து முடிஞ்சிருச்சுண்ணே" என்று கதவை நோக்கி நடந்தான் நூர் முகம்மது.

வாலண்டைனின் எட்டு மாதக் கனவு, ஒரு பெரிய கும்பிட்டில் போய்விட்டது. மகதலேனா அவன் விரலைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, பட்டறையில நீங்களும் இப்படித்தான் லைட்டு போடுவீங்களா? அம்மாகிட்டதான் கத்துக்கிட்டீங்களா?"

அவள் கண்ணில் ஏளனம் இல்லை. இம்மியும் இல்லை. வாலண்டைன் மனைவியைப் பார்த்தான், மகளைப் பார்த்தான், "ஆமாம்மா, அம்மாகிட்டதான்" என்றான். மாரிஸ் வாயைத் திறந்தான். உர்சுலா அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். வாலண்டைன் சூளுரைத்தபடியே அவ்வாய் மூடியது.

"அப்படியா சங்கதி?" என்றாள் உர்சுலா, கணவன் பக்கம் திரும்பி. "கத்துக்கிட்டத வீட்டுல வந்து காட்டுங்க."

அன்று சாயங்காலம் மரவள்ளி மாவை வாலண்டைன் அரைத்தான்.