செருப்புதான் வர மாட்டேங்குது

இடைவேளை விட்டு விளக்கு எரிந்ததும் ஏழு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிக் கொக்கியைப் பார்த்தார்கள்.

அதுவரை ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.

கொக்கி அசலூருக்கு வந்து கட்டட வேலையில் கம்பி கட்டுகிறவர். கட்டுக்கம்பியை முறுக்குகிற கொக்கி எந்நேரமும் இடுப்பில் தொங்கும். அதனால் அதுவே பேராகிவிட்டது. இந்தப் படத்துக்குப் போயே ஆகவேண்டும் என்று வேலையாட்கள் தங்குகிற ஷெட்டில் எல்லாரையும் மூன்று வாரமாகப் பிடுங்கி எடுத்தவர் அவர்தான். லீவு நாளில் அடித்துப் போட்டதுபோல் கிடந்தவர்களைக் கால்மாட்டில் நின்று எழுப்பி, குளிக்கச் சொல்லி, பஸ் ஏற்றிக் கூட்டிவந்தவரும் அவரே.

"என்னய்யா இது?" என்றார் பூச்சு வேலைக்காரர். "சிரிப்புப் படம்னு சொல்லி எழவு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டியே!"

"இருய்யா. மச்சான் இன்னும் சூடு பிடிக்கல. இனிமேதான் இருக்கு கூத்து."

மச்சான் என்றது 'குடைக்காரர் வீடு' நாடகத்தில் வருகிற மச்சானை. டிவியில் ரெண்டு வருஷமாக ஓடுகிற நாடகம் அது. அதைத்தான் இப்போது சினிமாவாக எடுத்திருந்தார்கள். குடை ரிப்பேர் செய்கிற ஒருத்தர், அவர் சம்சாரம், ரெண்டு நாள் தங்கிப்போக வந்து பதினோரு வருஷமாகக் கிளம்பாத அந்த அம்மாவின் தம்பி. மொத்தமே மூணு பேர்தான். பேசுவது வேற்று பாஷை. அடியில் நம்முடைய எழுத்து ஓடும். அதையும் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் ஓடியே போய்விடும்.

ஷெட்டில் இருந்த ஒன்பது பேரில் அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுத்துப் படிக்கத் தெரிந்தவர் வாத்தியார் ஒருத்தர்தான். வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை, டைல்ஸ் ஒட்டுகிறவர். சாயங்காலம் வேலை முடிந்து, ஈரத் துண்டோடு எல்லாரும் டிவி முன்னால் உட்கார, வாத்தியார் ஓரமாகச் சாய்ந்துகொண்டு படித்துச் சொல்வார். குடைக்காரர், "எப்பய்யா ஊருக்குப் போறே?" என்று கேட்பார். மச்சான் வாசல்வரை போய்த் திரும்பி வந்து சொல்வான்: "நான் ரெடி மாமா. செருப்புதான் வர மாட்டேங்குது."

தகரக் கூரை அதிரும்படி சிரிப்பார்கள். மறுநாள் சாரத்தின் மேலே யாராவது மேஸ்திரி கூப்பிட்டும் வராமல் நின்றால், கீழேயிருந்து குரல் வரும்: "அவரு ரெடிதான். செருப்புதான் வர மாட்டேங்குதாம்!"

சில சமயம் திரையில் ஆள் ஒரே ஒரு வார்த்தை சொல்லி வாயை மூடியிருப்பார். வாத்தியார் நாலு வரி சொல்லிக்கொண்டிருப்பார்.

"என்ன வாத்தியாரே, அவரு முடிச்சுட்டாரே?"

"அவங்க பாஷை அப்படி. சுருக்கமான பாஷை."

அந்த வாத்தியார்தான் இன்றைக்குப் படத்துக்கு வரவில்லை. வயிற்று வலி என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். கொக்கிக்கு அது பெரிய குறையாகத் தோன்றவில்லை. சினிமாவில் நம்ம பேச்சிலேயே பேசுகிறார்களாம், படிக்க ஆள் எதற்கு?

இடைவேளைக்குப் பிறகு அந்தக் கட்டம் வந்தது. "எப்போது ஊருக்குப் போகிறாய்?" என்று குடைக்காரர் கேட்டார். கொக்கி சீட்டின் நுனிக்கு வந்தார். பக்கத்தில் இருந்தவரின் தொடையைத் தட்டி, "இப்பப் பாரு, இப்பப் பாரு" என்றார்.

மச்சான் வாசல்வரை போனான். திரும்பி வந்தான்.

"மன்னியுங்கள், அத்தான். நாளைக் காலை புறப்படுகிறேன்."

கொக்கி பாதிச் சிரிப்பில் நின்றுபோனார். செருப்பு எங்கே?

சரி, நாம் தொடங்கிவைத்தால் மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள் என்று அடுத்த கட்டத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். முன்வரிசையில் ஒரு அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே திரும்பினாள். டார்ச் விளக்கோடு ஒருத்தர் வந்தார்.

"ஐயா, படத்துல குடைக்காரர் சம்சாரம் ஆஸ்பத்திரியில சாகக் கிடக்குது. கொஞ்சம் அடக்கி வாசிங்க."

பஸ்ஸில் யாரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை.

மறுநாள் சாயங்காலம் எல்லாம் சரியாகிவிடும் என்று கொக்கி முதல் ஆளாக டிவியைப் போட்டு உட்கார்ந்தார். நாடகம் வந்தது. வாத்தியாரும் படித்தார். ஆனால் ஒருத்தருக்கும் ஒட்டவில்லை.

"மச்சான் மூஞ்சியைப் பாத்தாலே அந்த 'மன்னியுங்கள் அத்தான்'தான்யா காதுல விழுது," என்றார் பூச்சு வேலைக்காரர். வாத்தியார் பாதியில் இருமினார், தண்ணீர் குடித்தார், அப்புறம் படிக்கவே இல்லை. சமையல்காரர் எட்டி மல்யுத்தத்துக்கு மாற்றிவிட்டார்.

நாலு நாளில் ஷெட் மாறிப்போனது. வேலை முடிந்து வந்தால் ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு சுவர். நனைந்த சிமெண்டு வாடையும் கூரையில் சொட்டுகிற தண்ணீர்ச் சத்தமும்தான். சாரத்தில் யாரும் யாரையும் கிண்டல் செய்யவில்லை. கொக்கிக்கு அது சோற்றில் உப்பில்லாததுபோல் இல்லை, சோறே இல்லாததுபோல் இருந்தது. ஏனென்றால் இந்த மௌனத்தை அவர் முன்னாலேயே பார்த்திருக்கிறார்.

போன வருஷம் ஐந்து மாதம் அவர் சம்சாரத்திடமிருந்து கடிதமே வரவில்லை. அப்போது சாரத்தின் விளிம்பில் நின்று கீழேயே பார்த்துக்கொண்டிருப்பார். சோறு இறங்காது. பக்கத்துப் படுக்கைக்காரரான வாத்தியார் ரெண்டு தடவை சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்திருக்கிறார். நல்லவேளை, அப்புறம் கடிதம் வந்தது. மாதம் தவறாமல் வர ஆரம்பித்தது. வாசல் பெட்டியில் கிடக்கிற தபாலில் பேர் பார்த்து எடுத்துவந்து, எழுத்துத் தெரியாத கொக்கியின் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுவது வாத்தியார்தான். முன்னெல்லாம் 'நலம், நலமறிய ஆவல்' என்று நாலே வரி எழுதுகிறவள், இப்போது பக்கம் பக்கமாக எழுதினாள். அவள் அஞ்சாவது படித்தவள், கடிதம் எழுத யார் கையையும் எதிர்பார்க்க மாட்டாள் என்பதில் கொக்கிக்குக் கொஞ்சம் பெருமை.

அந்தக் கடிதமும் இந்த நாடகமும், ரெண்டு காலாக நின்றுதான் கொக்கி நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு காலை இந்தப் படக்காரன் ஒடித்துவிட்டான்.

"வாத்தியாரே, எழுதுங்க," என்றார். "படக் கம்பெனிக்கு ஒரு புகார். உள்ளது உள்ளபடி எடுத்துத் தரச் சொல்லி."

"விடுய்யா. டிவி வேற, படம் வேற."

"செருப்பை எப்படி எடுக்கலாம் அவன்? அது யாரு பேச்சு? அவன் அப்பன் வீட்டுப் பேச்சா?"

வாத்தியார் துண்டை உதறி மடித்தார். "இல்லதான்," என்றார்.

"அப்ப எழுதுங்க. இல்லேன்னா நான் சோறு திங்கல."

சோறு என்றதும் வாத்தியார் பேனாவைத் தேடினார். ரெண்டு பக்கம் எழுதி, உறையில் போட்டு, கஞ்சிப்பசை தடவி நன்றாக அழுத்தி ஒட்டினார். "வேற யாருகிட்டயும் காட்டாதே. விலாசம் கிடைக்கலேன்னா கிழிச்சுப் போட்டுடு," என்று ரெண்டு தடவை சொன்னார்.

விலாசம் வேண்டும் என்றுதான் கொக்கி சைட் ஆபீஸுக்குப் போனார். அங்கே கிளார்க் தம்பி நம்ம பாஷைக்காரர். உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்ன இருக்குன்னு பாக்காம இங்கேருந்து அனுப்ப முடியாதுண்ணே," என்று பிரித்தார். படித்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"என்ன இது, செருப்பு வர மாட்டேங்குது?"

"மச்சான் பேசுறது தம்பி. படத்துல அதை எடுத்துட்டான்."

"நான் ஒரு நாள் விடாம பாத்தவன். அந்த ஆள் டிவியிலயும் 'மன்னியுங்கள்'னுதான் சொல்லுவாரு. படத்துல ஒரு வரி மாத்தல. எனக்கும் படம் பிடிக்கலதான். பாத்ததையே மறுபடி காட்டுறானேன்னு."

"எழுத்து அப்படி ஓடுச்சே!"

"ஓடல. யாரோ உங்களுக்கு இட்டுக்கட்டிச் சொல்லியிருக்காங்க."

கொக்கிக்குக் காது சிவந்தது. "எங்க வாத்தியாரைச் சொல்றியா? அவரா இட்டுக்கட்டுறவரு?" சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். "என் சம்சாரம் எழுதினது. வாத்தியார் படிச்சுக் காட்டினார், எனக்கு மனப்பாடம். நான் சொல்றேன், நீ விரலை வெச்சுப் பாத்துக்கிட்டே வா. ஒரு வார்த்தை பிசகினாலும் அவரு புளுகர்னு ஒத்துக்கறேன்."

கிளார்க் விரலை வைத்தார். கொக்கி கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்.

"என்னங்க, இங்க எல்லாரும் சொகம். உங்க சட்டை ஒண்ணைக் கொடியிலயே விட்டு வெச்சிருக்கேன். காக்காயெல்லாம் நீங்கதான்னு நெனச்சு மரியாதையா ஒதுங்கிப் போகுது. நான்தான் மரியாதை இல்லாம தெனமும் அதுகூடச் சண்டை போடறேன். உசரத்துல நிக்கிறப்போ கீழ பாக்காதீங்க. கீழ ஒண்ணும் இல்ல, நான் இங்க இருக்கேன்."

கண்ணைத் திறந்தார். கிளார்க்கின் விரல் கடைசி வரியில் நின்றிருந்தது.

"சரியா?"

"சரியாத்தான் இருக்கு."

"பாத்தியா!" கொக்கி மேஜையைத் தட்டினார். பல நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "ஒரு வார்த்தை மாறுச்சா? சொல்லு தம்பி, மாறுச்சா?"

கிளார்க் புகாரை எடுத்து அந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எப்படிண்ணே மாறும்? ரெண்டும் ஒரே கையெழுத்து."