கடல் மேல் படுத்த தேங்காய்

கடலைத் தாண்டிய வீரர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆனால் அந்தக் கடலுக்கே ‘பாயிண்ட்’ பார்த்த பெருமை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் வருடம் திருச்செங்கோட்டிலிருந்து புறப்பட்ட மூன்று பேருக்குத்தான் உண்டு. கடல் அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, அப்பேர்ப்பட்ட மரியாதையைக் கண்டதில்லை.

குழுத் தலைவர் சின்னண்ணன், இரண்டு போர்வெல் ரிக் லாரிகளுக்கு முதலாளி. எப்பேர்ப்பட்ட பாறைக் காட்டிலும் ‘தண்ணீர் இல்லை’ என்ற கெட்ட வார்த்தையை வாயால் சொல்லாத உத்தமர். தொழில்நுட்ப ஆலோசகர் நாச்சிமுத்து. உரித்த தேங்காய் ஒன்றை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு அவர் காட்டில் நடப்பார். தேங்காய் எங்கே எழுந்து நிற்கிறதோ அங்கே பூமிக்கடியில் தண்ணீர்; அதுதான் ‘பாயிண்ட்’. மூன்றாமவர் கந்தப்பன். அவர் வகித்த பதவி ‘வாடிக்கையாளர்’.

கந்தப்பன் காட்டில் அந்தத் தேங்காய் ஏற்கெனவே இரண்டு தடவை நின்றிருக்கிறது. இரண்டு தடவையும் ரிக் வந்து துளை போட்டது. இரண்டிலும் தண்ணீருக்குப் பதில் வெறும் கல்தூள் புகைதான் வந்தது. மூன்றாவது போர் வருகிற திங்கட்கிழமை. அதற்கு ஈடாக மேற்கால இரண்டு ஏக்கரைச் சின்னண்ணன் பேருக்கே எழுதிக் கொடுப்பதாகப் பேச்சு. அதுவும் போய்விட்டால் கந்தப்பனுக்கு மிச்சம் வீடும், வீட்டைச் சுற்றி ஒரு ஏக்கர் கல்லாங்காடும்தான். மனைவி பொன்னாத்தாள் மூன்று நாளாகச் சோறு போடுகிறாளே தவிரப் பேசுவதில்லை.

இப்படி மனம் தளர்ந்த வாடிக்கையாளர்களைத் தேற்றுவதற்கென்றே சின்னண்ணன் தம் சொந்த மூளையால் கண்டுபிடித்ததுதான் ‘நல்லெண்ணச் சுற்றுலா’. ரிக் லாரி டிரைவர் உபகாரசாமியின் மச்சான் சவரிராயன் கடற்கரையில் படகு வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை விடிய அங்கே போய் இறங்கினார்கள். ஸ்டவ், எண்ணெய், அரைத்த மசாலா, வாழையிலை எல்லாம் கரையில் தயார். மீன் மட்டும்தான் பாக்கி.

கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் சவரிராயன் இன்ஜினை நிறுத்தித் தூண்டிலை எடுத்தார். சின்னண்ணன் கையைத் தூக்கித் தடுத்தார்.

“பாயிண்டு பாக்காமப் போடறதாவது! எங்க நீரோட்டம் இருக்குதோ அங்கதானுங்க மீனு நிக்கும். நாச்சிமுத்தண்ணா, பாருங்க.”

நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகின் முனையில் நின்றார். கிழக்கே கும்பிட்டார். தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்தார். படகு வடக்கே போயிற்று, தெற்கே போயிற்று, வட்டம் கூட அடித்தது. தேங்காய் அசையவில்லை, சும்மா படுத்தே கிடந்தது.

கந்தப்பன் எட்டிப் பார்த்தார். கீழே தண்ணீர். இந்தப் பக்கம் தண்ணீர். அக்கட்டாலேயும் கண்ணுக்கெட்டிய வரைக்கும் தண்ணீர்.

“ஏனுங்கண்ணா, நிக்கவே மாட்டேங்குது?”

“உப்புத்தண்ணிக்குத் தேங்கா பேசாதுங்க,” என்றார் ஆலோசகர், கண்ணைத் திறக்காமலே.

ஆலோசனைக் கூட்டம் படகிலேயே கூடியது. ஏகமனதாக ஓர் இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதாவது, நாச்சிமுத்துவுக்கு எங்கே குமட்டிக்கொண்டு வந்ததோ அந்த இடம். இறாலைக் கொக்கியில் கோத்து, ஈயக்குண்டு கட்டிய தூண்டில் நரம்பைச் சின்னண்ணன் கடலுக்குள் இறக்கினார்.

அரை மணி நேரம் ஒன்றும் கடிக்கவில்லை.

“இன்னொரு அம்பதடி உடுங்க,” என்றார் சின்னண்ணன்.

“இங்க ஆழமே எட்டுப் பாகம்தாங்கய்யா. அம்பது அடி கூட வராது. ஈயம் தரையில கெடக்கு,” என்றார் சவரிராயன்.

“எண்ணூறு அடி போடறவனுக்கு எட்டுப் பாகமா? உடுங்க. ஈரம் தட்டுது.”

கந்தப்பனுக்குப் பகீர் என்றது. இதே வார்த்தை. அவர் காட்டில் இருநூறு அடியில் சொன்னது, நானூறில் சொன்னது, அறுநூறில் சொன்னது. இன்னும் அம்பது, ஈரம் தட்டுது. அப்போது அவர் தலையாட்டினார், பொன்னாத்தாள் மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு புகைக்குள் நின்றாள்.

சவரிராயன் நரம்பை விட்டார். நூறு அடி, இருநூறு அடி. அத்தனையும் கடலடியில் போய் நூல்கண்டாகச் சிக்கிக் கிடந்திருக்கும். கடைசியில் ஒரு இழுப்பு! மூவரும் கூவினார்கள். மேலே வந்தது உள்ளங்கையளவு மீன். படகில் விழுந்ததும் காற்றைக் குடித்துப் பந்துபோல் ஊதிக்கொண்டது.

“பேத்தைங்க. விஷம், திங்க ஆகாது,” என்று சவரிராயன் அதைத் திரும்பக் கடலில் போட்டார்.

“காத்து வந்துருச்சல்லோ!” சின்னண்ணனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. “காத்து வந்தாப் போதும் மாப்ளே, பின்னாலயே மீனு வரும். இன்னொரு அம்பதடி...”

வெயில் உச்சிக்கு ஏறியது. ஆலோசகர் படகின் ஓரத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, காலையில் தின்ற எட்டு இட்லியையும் கடலுக்குப் படைத்துக்கொண்டிருந்தார். சவரிராயன் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார், பிறகு நரம்பைச் சுற்றத் தொடங்கினார்.

“இன்னைக்கு மீன் இல்லங்கய்யா. திரும்பலாம்.”

“அதெப்படி இல்லீங்கறது?” சின்னண்ணன் அதிர்ந்து போனார். “தொழில்காரன் பேசற பேச்சா இது?”

“இல்லாததை இருக்குன்னு சொல்லி உங்கள வெயில்ல வைக்கணுமாங்கய்யா?”

இரண்டு வருடமாகக் கந்தப்பன் காது கேட்கக் காத்திருந்த வார்த்தை அந்த ‘இல்லை’தான். நாச்சிமுத்துவும் சொல்லவில்லை, சின்னண்ணனும் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒரு படகுக்காரர் சொல்லிவிட்டார். அவர் காலில் விழலாமா என்று கூட ஒரு கணம் தோன்றியது.

கரையில் மசாலாவை வெறும் சோற்றில் பிசைந்து தின்றுவிட்டு ஊர் திரும்பினார்கள். ‘பயணம் மகத்தான வெற்றி’ என்று சின்னண்ணன் வழியெல்லாம் அறிவித்துக்கொண்டே வந்தார்.

திங்கட்கிழமை காலையில் ரிக் லாரி கந்தப்பன் காட்டில் வந்து நின்றது. பத்திரமும் வந்தது, மை டப்பாவும் வந்தது. நாச்சிமுத்து அதே தேங்காயோடு வேலிப் பக்கம் பத்தடி நடந்தார். தேங்காய் விசுக்கென்று எழுந்து நட்டமாக நின்றது.

“பாத்தியா மாப்ளே! நிக்குது! கங்கையே இருக்குதாட்ட இருக்குது! போடு கையெழுத்த!”

கந்தப்பன் பேனாவை வாங்கவில்லை. “அந்தத் தேங்காயக் கொஞ்சம் குடுங்கண்ணா,” என்றார்.

வாங்கி, பொன்னாத்தாளிடம் நீட்டினார்.

“நேத்துக் கடல் மேல படுத்துக்கிச்சு புள்ள. இங்க நிக்குது. இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?”

பொன்னாத்தாளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வாசற்கல்லில் ஒரே போடு. தேங்காய் விண்டது. சிந்தாமல் டம்ளரில் பிடித்தாள். அரை டம்ளர் வந்தது. அதைக் கொண்டுபோய்ச் சின்னண்ணன் முன்னால் நீட்டி, நாலு நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

“இந்தக் காட்டுல நீங்க எடுத்துக் குடுத்த தண்ணி, மொத்தமும் இதானுங்க. வெயில்ல வந்திருக்கறீங்க, குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க.”