உயிரோடு பிடிக்கப்படும்

"இது என்ன?" என்று வீட்டுக்காரர் நீட்டிய காகிதத்தில் ஒரு கரப்பான்பூச்சி மல்லாந்து கிடந்தது.

டிராயிங் மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். செத்த பூச்சி என்று மழுப்பவும் வழியில்லை. அது காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"உங்க வாசல்ல பிடிச்சேன். கீழ் வீட்டைக் குப்பைமேடா வச்சிருந்தா நான் மாடியில எப்படிக் குடியிருக்கிறது? நாளைக்குச் சாயங்காலம் வருவேன். ஒண்ணு கண்ணுல பட்டாலும் காலி பண்ணிடணும்."

"இன்னிக்கே மருந்து அடிச்சிடறேன் சார்."

"மருந்தா? என் சம்சாரத்துக்கு மூச்சிரைப்பு. விஷ வாடை மேல வந்துச்சோ, அப்பவே நீங்க வெளிய!"

மாஸ்டரின் முகம் செத்துப்போயிற்று. உள்ளறையில் மாமனார் படுத்த படுக்கையாகக் கிடந்தார். நோயாளி இருக்கிற குடும்பம் என்றால் வீடு தர எவனுக்கு மனசு வரும்? பகலிலேயே விளக்குப் போட வேண்டிய இந்த இருட்டு வீட்டையும் விட்டால் அவரைத் தூக்கிக்கொண்டு தெருவில்தான் நிற்க வேண்டும்.

"இத்தனை வருஷத்துல ஒரு பூச்சி உண்டா? திடீர்னு எங்கிருந்துதான் படையெடுத்து வந்துச்சோ! எல்லாம் என் தலையெழுத்து" என்று மனைவி மூக்கைச் சிந்தினாள்.

கேட் தூணில் ஒட்டியிருந்த பச்சைத்தாள் அப்போதுதான் மாஸ்டர் கண்ணில் பட்டது. 'இயற்கை முறையில் வீடு சுத்தம். விஷம் இல்லை, வாடை இல்லை. பூச்சிகள் உயிரோடு பிடிக்கப்படும்.' மனுஷருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அங்கேயே நின்று போன் போட்டார்.

மறுநாள் மத்தியானம் பச்சை ஏப்ரன் கட்டிய ஒரு அம்மாள் வாளியும் புட்டிகளுமாக வந்து இறங்கினாள்.

"கொல்லவே மாட்டீங்களா?" என்றார் மாஸ்டர்.

"ஐயோ பாவம் சார், அதுவும் ஒரு உயிர்தானே! பிடிச்சு வேற இடத்துல விட்டுடுவோம்."

வாடை இல்லை என்பது வடிகட்டின பொய். அவள் வினிகரையும் புதினா எண்ணெயையும் கலந்து மூலைமுடுக்கெல்லாம் பீச்சி அடித்ததில் மாஸ்டருக்குக் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர் வந்தது. ஏற்கனவே அழுதுகொண்டிருந்த மனைவிக்கு மட்டும் வித்தியாசம் தெரியவில்லை.

"ஒளிஞ்சிருக்கிறதெல்லாம் வெளியே வரணும் சார். அப்பதானே பிடிக்க முடியும்?"

வந்தன. அடுப்படியிலிருந்து, கதவிடுக்கிலிருந்து, மாஸ்டரின் வர்ணப் பெட்டியிலிருந்து சாரி சாரியாக வந்தன. இவ்வளவு நாள் இவற்றோடா குடித்தனம் நடத்தினோம் என்று மாஸ்டர் இரண்டடி பின்வாங்கினார். மனைவி துடைப்பத்தை ஓங்கினாள். பச்சை அம்மாள் பாய்ந்து குறுக்கே நின்றாள்.

"அடிக்காதீங்கம்மா! பயந்துபோனா வரவே வராது!"

"இப்ப மட்டும் பயந்தா இருக்கு? அப்பாவோட போர்வையில ஏறுது பாருங்க!"

ஆசைகாட்டிப் பிடிக்க, சர்க்கரைப் பாகில் நனைத்த ரொட்டித் துண்டுகளை ஜாடிகளில் வைத்தாள் அந்த அம்மாள். பூச்சிகள் யோசித்துக்கொண்டிருக்க, எறும்புகள் முந்திக்கொண்டன. எறும்பை மறிக்கத் தரையெங்கும் சமையல் சோடாவைக் கொட்டினாள். நெடி தாங்காத மாஸ்டர், புத்தியைக் கடன் கொடுத்துவிட்டு, மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டார்.

அவ்வளவுதான். வீடே வெள்ளைவெளேர் என்று ஆகிவிட்டது. உள்ளறையிலிருந்து மாமனாரின் ஈனக்குரல் கேட்டது.

"மாப்பிள்ளே... நான் போய்ச் சேர்ந்துட்டேனா?"

"இல்ல மாமா. சுத்தம் பண்றோம்."

"அப்படியா" என்றார் கிழவர், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

மாஸ்டர் துண்டை நனைத்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.

எப்படியோ, பெரும்பாலான பூச்சிகளை ஓர் அட்டைப்பெட்டிக்குள் அடைத்தாயிற்று. பச்சை அம்மாள் கைகழுவச் சமையலறைக்குப் போனாள். அந்த நேரம் பார்த்துக் கதவு தடதடவென்று அதிர்ந்தது.

"என்ன நாத்தம் இது? மேல என் சம்சாரம் தும்மித் தும்மிச் சாகிறா!"

மாஸ்டர் பதறிப்போய்ப் பெட்டியை நாற்காலிக்கு அடியில் தள்ளினார். வந்த வேகத்தில் வீட்டுக்காரர் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். காலைப் பின்னுக்கு மடக்கினார். பெட்டி கவிழ்ந்தது.

அவர் கால்சட்டைக்குள் ஏறியது எத்தனை என்று யாருக்குத் தெரியும்? மனுஷர் ஆடிய ஆட்டத்தில் சோடா மாவு புகையாகக் கிளம்பியது.

"ஒண்ணு இருந்தாலே காலின்னு சொன்னேன். இங்க ஒரு ஊரே இருக்கு! நாளைக்குக் காலையில சாவி என் கைக்கு வரணும்!"

"சார், உள்ளே பெரியவர் எழுந்திருக்க முடியாம..." மாஸ்டர் வெட்கத்தை விட்டு வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க கால்ல வேணாலும் விழறேன்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. சுத்தம் தெரியாத ஜனங்களுக்கு என் வீட்டுல இடமில்ல!"

மனைவி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். எந்தச் சாமானை முதலில் கட்டுவது என்று மாஸ்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

சமையலறையிலிருந்து ஈரக்கையைத் துடைத்தபடி வந்த பச்சை அம்மாள், வீட்டுக்காரரைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தாள்.

"அட, மாடி சார்! போன மாசம் காலியாக் கிடக்குன்னு சொன்ன வீட்டுக்கு அதுக்குள்ள ஆள் குடிவச்சிட்டீங்களா? உங்க வீட்டுல பிடிச்ச பூச்சியையெல்லாம் இந்த ஜன்னல் வழியாத்தானே உள்ளே விடச் சொன்னீங்க!"