எல்லைக்கு இந்தப் பக்கம் கட்டில்

வேலி போட வந்த ஆள் அளந்து பார்த்துவிட்டு, ஊர் எல்லை உங்கள் வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது என்று சொல்லிக் காபி கேட்டான். வாரன் லபோன்ட்டுக்குக் காபி போடக் கை ஓடவில்லை.

முன்கூடமும் சமையலறையும் எல்ஸ்வுட் ஊரில். பின்னால் இருந்த படுக்கையறைகள் ரஸ்க்வில்லில். எல்ஸ்வுட் பள்ளிக்கூடத்துக்காகத்தான் நல்ல பெரிய வீட்டை விற்று இந்தத் தீப்பெட்டியை வாங்கியிருந்தார்கள். ரஸ்க்வில் பள்ளியில் போன வருஷம் நூலகத்தையே மூடிவிட்டார்கள். மகள் பிரிட்டுக்கு ஆறு வயது. செப்டம்பரில் முதல் வகுப்பு.

பக்கத்து வீட்டு டாட்டிக்கு எல்லாம் தெரியும்.

"புள்ள எந்த ஊர்ல தூங்குதோ அந்த ஊர் பள்ளிக்கூடம்தான். வந்து கட்டிலை அளப்பாங்க, பாத்துக்கோ."

அன்றே மகளின் கட்டில் சமையலறைக்குப் போனது. குளிர்பெட்டியின் உறுமலில் அவள் தூங்கவில்லை. அதோடு அவள் புரண்டு படுக்கிறவள். கால் ரஸ்க்வில்லுக்குப் போய்விடுமோ என்று வாரனும் தூங்கவில்லை.

மூன்றாம் நாள் கட்டிலை முன்கூடத்துக்கு இழுத்தான். அது வாசற்கதவை அடைத்துக்கொண்டு நின்றது.

"இப்ப எப்படிப் போய் வர்றது?" என்றாள் மனைவி கார்லா.

"பின்கதவு இருக்குல்ல."

"வாரன், உனக்குப் பைத்தியம்தான் புடிச்சிருக்கு."

மறுநாள் தபால்காரர் கதவுத் துளை வழியாகத் தள்ளிய கடிதங்கள் பிரிட்டின் முகத்தில் விழுந்தன. வாரன் துளையைப் பலகை வைத்து அடித்தான். தபால் நின்றுபோனது. தபால் பெட்டியையும் வீட்டு எண்ணையும் பின்பக்கம் மாட்டினான். முகவரியை மாற்றாமல் அங்கே போட முடியாது என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை பின்தெருப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். ஒரு வாரத்தில் முதன்முறையாக அன்றுதான் விடியும்வரை தூங்கினான்.

அடுத்த திங்களன்று எல்ஸ்வுட் பள்ளியிலிருந்து வசிப்பிடம் சரிபார்க்கும் மிஸஸ் ஓகீஃப் வந்தார். வீட்டைக் கண்டுபிடிக்கத் தெருவை இரண்டு முறை சுற்றியிருந்தார். பின்கதவு வழியாக உள்ளே வந்ததும் வாரன் தரையில் தான் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டைக் காட்டினான். கட்டிலைக் காட்டினான். தலையணை எந்த ஊர், போர்வை எந்த ஊர் என்று விளக்கினான். அளக்க நாடாவையும் நீட்டினான்.

அவர் நாடாவை வாங்கவில்லை. பலகை அடித்த வாசற்கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையிலிருந்த காகிதத்தில் எதையோ அடித்துவிட்டு எழுதினார்.

"கட்டில் எங்க கிடந்தா எனக்கென்னங்க? முகவரியும் வாசக்கதவும் எந்த ஊரோ, அந்த ஊர் பள்ளிக்கூடம்," என்றார் மிஸஸ் ஓகீஃப். "போன செவ்வாக்கிழமை வரைக்கும் நீங்க எல்ஸ்வுட்தான்."